ஓப்பாவின் பச்சைப் பாய்

போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது பங்கு மண்டபத்துப் பலகையில் ஒரு புதிய அறிவித்தல் தொங்கியது. இனிமேல் குளிர்காலத்திலும் அடக்கம் செய்யலாமாம். கல்லறைத் தோட்டத்துக்குப் புதிய இயந்திரம் வாங்கியிருக்கிறார்கள். உறைந்த நிலத்தையும் கேக் வெட்டுவது போல வெட்டிவிடுமாம். வாசித்தவர்கள் எல்லோருக்கும் நிம்மதி. அப்பா மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் வாசித்தார்.

“வெட்டுறது சரி. மிதிக்கிறது ஆர்?” என்றார்.

“எதை மிதிக்கிறது, அன்ரன்?” என்று பக்கத்தில் நின்ற மன்னார்க்காரர் ஒருவர் கேட்டார்.

“அதை என்ர மாமாட்டைத்தான் கேக்கவேணும்.”

எங்கள் பங்கின் ஆண்டு மலரில் இந்த முறை ஓய்வு பெற்றவர்கள் தங்கள் வேலை அனுபவத்தை எழுதவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அப்பா ஹோட்டல் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். “வெங்காயம் வெட்டினதை என்னெண்டு எழுதுறது? நீ மாமான்ர வேலையை எழுது பிள்ளை” என்று என்னிடம் தள்ளிவிட்டார். எனக்குப் பொறுமை இல்லை. வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் எழுதத் தொடங்கிவிட்டேன்.

மாமா என்றதும் யாழ்ப்பாணத்து மாமா ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் என் அம்மாவின் அப்பா, வில்லி என்ற ஜெர்மன்காரர். எனக்கு ஓப்பா, அவர்கள் பாஷையில் அம்மாவின் அப்பாவையும் அப்பாவின் அப்பாவையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அம்மா ஒரு தமிழ்ப் பெடியனைக் கட்டப்போகிறேன் என்று சொன்னபோது ஓப்பா பெயரை மட்டும்தான் கேட்டாராம். அன்ரன் என்றதும், “என்ர சித்தப்பாவும் அன்ரன்தான். கூட்டிக்கொண்டு வா” என்றாராம். அப்பா முதல் நாளே “மாமா” என்று கூப்பிட்டுவிட்டார். ஜெர்மனில் அது அம்மாவைக் கூப்பிடுகிற சொல். ஓப்பா திரும்பித் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாராம். பிறகு பழகிவிட்டது. அவர் என்னோடு ஜெர்மனும் பிரெஞ்சும், அப்பாவோடு ஆங்கிலமும் பேசுவார். இங்கே எல்லோரையும் எங்கள் வீட்டுத் தமிழிலேயே பேசவிட்டிருக்கிறேன்.

ஓப்பா கல்லறைத் தோட்டக்காரர். ஜெர்மனியில் அதற்கென்றே ஒரு தொழிற்பயிற்சி உண்டு. வடகடல் பக்கத்துச் சின்ன நகரம் ஒன்றில் பதினாறு வயதில் சேர்ந்தார். முதல் வருடம் முழுக்கப் பூச்சட்டி கழுவினார், இரண்டாம் வருடம் குப்பை எரு கிளறினார், மூன்றாம் வருடம் கடைசியில்தான் ஒரு கல்லறையைத் தொடவிட்டார்கள். அங்கே ஒவ்வொரு கல்லறையும் ஒரு குட்டித் தோட்டம். ஓரத்துக்கு ஒரு செடி, நடுவுக்கு ஒரு செடி, பருவத்துக்குப் பருவம் மாற்றவேண்டும். சனிக்கிழமைகளில் உறவினர்கள் தண்ணீர் வாளியோடு வருவார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கப்பலேறிக் கனடாவின் மொன்ட்ரியாலுக்கு வந்து, பெரிய கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம் ஒன்றில் வேலைக்குப் போன முதல் நாள், கண்ணுக்கெட்டிய தூரம் புல். வெறும் புல்.

“கோல்ஃப் மைதானத்துக்கு வந்திட்டன் எண்டு நினைச்சன்” என்பார்.

அங்கே மேற்பார்வையாளராக இருந்தவர் கரோன் ஐயா, பிரெஞ்சில் மொசியு கரோன். ஓப்பா இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்லும்போது சட்டைக் கொலரைச் சரிசெய்வார். கரோன் வேலை உடுப்புக்குள்ளும் கறுப்பு டை கட்டுகிறவர். குரலை உயர்த்தமாட்டார். கோபம் வந்தால் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றுவார். சுண்டுவிரலில் தொடங்குவார், பெருவிரலுக்கு வருவதற்குள் பிழை செய்தவன் பிழையைத் திருத்திவிட வேண்டும்.

அவரிடம் குழி வெட்டுவதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் புல்லைப் பாய்போலச் சீவிச் சுருட்டிப் பலகையில் வைக்கவேண்டும். மேல்மண் ஒரு பக்கம், அடியில் வருகிற நீலக் களிமண் இன்னொரு பக்கம். இரண்டும் கலக்கக்கூடாது; எந்த ஒழுங்கில் வெளியே வந்ததோ அதன் மறு ஒழுங்கில் உள்ளே போகவேண்டும். சுவர் நேராக நிற்கவேண்டும். எல்லாம் முடிந்ததும் கடைசியாகப் பச்சைப் பாய். புல்லைப்போலச் செய்த தடித்த விரிப்பு. தோண்டிய மண்குவியலையும் குழியின் விளிம்பையும் அதனால் மூடிவிடவேண்டும். ஒரு துணிக்கை மண்கூடக் குடும்பத்தின் கண்ணில் படக்கூடாது.

“மண்ணைக் கண்டால் துக்கம் இரண்டு மடங்காகும்” என்பது கரோனின் நம்பிக்கை.

பிறகு ஆட்கள் போய் ஊசியிலை மரங்களுக்குப் பின்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கவேண்டும். சிகரெட் கூடாது, இருமல்கூடக் கூடாது. பெட்டி குழிக்கு மேலே வார்ப் பட்டிகளில் நிற்க, குருவானவர் செபம் சொல்ல, குடும்பம் அழுது முடித்துக் காரில் ஏறிய பிறகுதான் இவர்கள் வெளியே வந்து பெட்டியை இறக்கி மண்ணை நிரப்புவார்கள். ஓப்பா ஓய்வு பெறும்வரை அப்படித்தான் நின்றார். எத்தனை குடும்பங்களின் முதுகை மட்டும் பார்த்திருப்பார்! அடக்கத்தில் அவரை ஒரு குடும்பமும் பார்த்ததில்லை.

இனிப் பெரியப்பா.

பெரியப்பா, அப்பாவின் அண்ணன், கல்யாணம் செய்யாதவர். மொன்ட்ரியால்-நோர் பகுதியில் ஒரு சின்ன அப்பார்ட்மென்டில் தனியாக இருந்தார். குளிர் அவருக்கு ஒத்துவராது. ஹீட்டரை முழுக்க முறுக்கிவிட்டு, மூச்சு முட்டுது என்று ஜன்னலையும் திறந்துவைக்கிற ஆள். நாலைந்து வருடங்களுக்கு முன் ஒரு தை மாதம், மூச்சு மூக்கு நுனியிலேயே உறைகிற குளிரில், நித்திரையிலேயே போய்விட்டார்.

அப்பாவுக்கு அவர் வெறும் அண்ணன் மட்டுமல்ல. யாழ்ப்பாணத்தில் அப்பப்பா இறந்தபோது சண்டைக் காலம். அப்பாவால் போக முடியவில்லை. செய்தியே பிந்தித்தான் வந்தது. பெரியப்பாதான் நின்று எல்லாம் செய்தவர். பின்னால் கனடாவுக்கு வந்து இறங்கிய அன்று விமான நிலையத்திலேயே அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “உனக்காகவும் ஒரு பிடி மண் போட்டனான் தம்பி” என்றாராம். அப்பா இதை எங்களுக்குச் சொல்லும்போதெல்லாம் வலது கையை மூடி மூடித் திறப்பார்.

ஆகவே பெரியப்பாவுக்கு அப்பா தன் கையால் மண் போடவேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். கார்கள் குழிப் பக்கம் போகவில்லை. ஒரு கல் கட்டடத்துக்கு முன்னால் நின்றன. நிலம் உறைந்துவிட்டதால் தை, மாசியில் இறந்தவர்களை அந்த அறைக்குள் வைத்து, மே மாதம் மண் இளகியதும் அடக்கம் செய்வார்கள். இந்த நகரத்தில் இதில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் அப்பாவுக்கு அது மனதில் ஏறவில்லை. சொன்னபோது அவர் கேட்கிற நிலையில் இருக்கவில்லை. அங்கே வேலை செய்கிற பெடியன் ஒருவன் குருவானவர் கையில் ஒரு சின்னப் போத்தலைக் கொடுத்தான். உள்ளே வெள்ளை மணல். அவர் பெட்டியின்மேல் சிலுவை அடையாளமாகத் தூவினார். பிறகு போத்தலை அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்ன ஃபாதர் இது, உப்புப் போத்தலோ?” என்றார். தூவவில்லை. இரும்புக் கதவு மூடியது.

அன்று பின்னேரமே என்னையும் இழுத்துக்கொண்டு பியர்பொன்ட்ஸுக்குக் கார் விட்டார். ஓப்பா வீடு அங்கே. ஓப்பா குசினி மேசையில் கிழங்குகளை அழுகல் பார்த்து மறுபடியும் பழைய பத்திரிகையில் சுற்றிக்கொண்டிருந்தார். டேலியாக் கிழங்கு, வசந்தம்வரை நிலவறையில் தூங்கவேண்டியவை.

“மாமா, உங்களுக்கு அங்க எல்லாரையும் தெரியும். ஒரு சொல் சொல்லுங்கோ. முப்பத்தோராம் நாளுக்கு முன்னம் அண்ணையை மண்ணுக்குள்ள வைக்கவேணும்.”

“நிலம் கல்லு, அன்ரன்.”

“முந்தி குளிருக்கும் வெட்டினனீங்கள்தானே? நெருப்பு மூட்டி வெட்டினது எண்டு நீங்களே சொன்னனீங்கள்.”

“வெட்டினம்.”

“அப்ப?”

ஓப்பா கிழங்கைக் கீழே வைத்தார். “ஏலாது.”

“ஏலாதோ, இல்லாட்டி விருப்பமில்லையோ?”

“நான் சொல்லமாட்டன். மே வரும் மட்டும் பொறு.”

“அவர் என்ன கிழங்கே, சுத்தி வைச்சுப்போட்டு மே மாசம் எடுக்க?”

ஓப்பா அடுத்த கிழங்கை எடுத்தார். அப்பா எழுந்தார். ஊற்றிய தேத்தண்ணி அப்படியே இருந்தது. கார் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. நான் ஒரு காலில் பூட்ஸ், மற்றக் காலில் வெறும் சொக்ஸோடு நடுவில் நின்றேன். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை. அன்றைக்கு அப்பாவோடு போனேன். அடுத்த சனிக்கிழமை பஸ் மாறி மாறித் தனியாகத் திரும்பி வந்தேன். எனக்குக் காரணம் தெரியவேண்டும். தெரியாமல் என்னால் இருக்கமுடியாது.

ஓப்பா அப்போதுதான் சொன்னார்.

அவர் வேலைக்கு வந்து சில வருடங்களில் ஒரு மாசி மாதம். சப்பாத்துத் தைக்கிற இத்தாலியர் ஒருவருடைய மனைவி இறந்துவிட்டாள். அந்த மனிதர் ஒவ்வொரு நாளும் காலையில் கரோனின் அறைக்கு முன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒன்றும் கேட்கமாட்டார். முதல் நாள் கேட்டதோடு சரி. பனி அவர் தலையில் விழும், அதைத் தட்டவும்மாட்டார். கரோன் ஜன்னலால் பார்ப்பார், திரும்பிக்கொள்வார். ஒரு காலை கரோன் வெளியே வந்து, “வெட்டுங்கள்” என்றார்.

பனியை ஒதுக்கி, பாதி பீப்பாய் போன்ற இரும்பு மூடிக்குக் கீழே கரி போட்டு மூட்டினார்கள். மேலே சாக்கு. நெருப்பு தின்றது ஒரு சாண்தான். அதை இரும்பு அலவாங்கால் குத்திப் பெயர்த்துவிட்டு மறுபடி கரி. மறுபடி அலவாங்கு. இரும்பு பட்ட இடத்தில் பொறி பறந்தது. உறைந்த பகுதியைத் தாண்டியதும் கீழே மண் மெதுமெதுவென்று இருந்தது. வெட்டுவது முடியும். அதில் பிரச்சினை இல்லை.

“நிரப்புறதுதான் பிள்ளை. வெளியில கிடந்த மண் எல்லாம் திரும்பவும் விறைச்சுக் கல்லாய்ப் போச்சு. தலையளவு கட்டி. அதைப் போட்டால் இடையில இடையில வெளி. மிதிக்க ஏலாது. நாங்கள் என்னெண்டு நிரப்புறது தெரியுமோ? ஒரு முழம் மண் போடுவம், இறங்கி மிதிப்பம். பேந்து ஒரு முழம், பேந்து மிதி. குதிக்கால் இறங்காத மட்டும் மிதி. அண்டைக்கு மிதிக்கேல்லை. மேல பனியைத் தள்ளினம். பார்க்க வடிவாய் இருந்தது. அந்தாள் கரோனுக்குக் கை குடுத்திட்டுப் போனார்.”

சித்திரையில் பனி உருகியது. கட்டிகள் கரைந்தன. நிலம் இடுப்பளவு இறங்கிப்போனது. சுற்றிலும் உருகிய தண்ணீர் எல்லாம் அந்தப் பள்ளத்தைத் தேடி ஓடியது. பக்கத்துக் கல்லறையின் கல்லும் அதற்குள் சரிந்து நின்றது. ஓப்பாவும் மற்றவர்களும் தள்ளுவண்டியில் மண் கொண்டுவருவதற்குள் உயிர்த்த ஞாயிறு வந்துவிட்டது. அந்த மனிதர் லில்லிப் பூச்சட்டியோடு வந்தார். பள்ளத்தின் ஓரத்தில் குந்தியிருந்து கலங்கல் தண்ணீரைப் பார்த்தார். யாரையும் ஏசவில்லை. ஓப்பா அன்றைக்கு மரத்துக்குப் பின்னால் நிற்க மறந்து பக்கத்தில் நின்றதால், அவரைப் பார்த்து மட்டும் கேட்டார்:

“இப்ப அவள் எங்க இருக்கிறாள்?”

கரோன் வந்தார். கையுறையைக் கழற்றினார், சுண்டுவிரலில் தொடங்கிப் பெருவிரல் வரை. திட்டுவார் என்று எல்லோரும் நின்றார்கள். “இரக்கப்பட்டது நான். உங்கட வேலையில குறை இல்லை” என்றார். அதற்குப் பிறகு அவர் இருக்கும்வரை குளிரில் ஒரு குழிக்கும் அனுமதி கொடுக்கவில்லை. ஓப்பா அந்தப் பள்ளத்துக்குக் கோடைவரை மண் போட்டு மிதித்துக்கொண்டே இருந்தார்.

“அன்ரன் அந்தக் கேள்வியைக் கேக்கக்கூடாது. என்னைக் கோவிக்கட்டும், பரவாயில்லை” என்றார் ஓப்பா.

“இதை அப்பாட்டைச் சொல்லியிருக்கலாமே ஓப்பா?”

“அண்ணன் செத்த கிழமையிலயோ?”

நான் லாசாலில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பி, கதவு திறந்த உடனேயே எல்லாவற்றையும் அப்பாவிடம் கொட்டினேன். அம்மா, “மூச்சு விட்டிட்டுச் சொல்லன்” என்றாள். அப்பா கேட்டார். வெளியே போய், ஏற்கெனவே துப்புரவாக இருந்த படியைத் திரும்பவும் கூட்டினார்.

அந்தக் குளிர்காலம் எங்கள் வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. முப்பத்தோராம் நாள் பூசை நடந்தது. மண்டபத்தில் சாப்பாடு கொடுத்தோம். அப்பா பரிமாறிக்கொண்டே நின்றார், உட்காரவில்லை. ஞாயிறு தோறும் அந்தக் கல் கட்டடத்துக்குப் போய்விடுவார். நானும் போவேன். கதவு பூட்டியிருக்கும். கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் இங்கும் அங்கும் நடப்பார்.

“உள்ளுக்கு ஹீட்டர் இருக்காது என்ன?”

“அப்பா!”

“இல்லை, சும்மா கேட்டனான். அண்ணை எண்டால் இந்நேரம் ஆரையும் கூப்பிட்டுச் சண்டை பிடிச்சிருப்பார்.”

சிரிப்பார். பிறகு வலது கை மூடித் திறக்கும். ஓப்பாவுக்கு அவர் ஒரு டெலிபோன்கூட எடுக்கவில்லை. அம்மா நடுவில் நின்று இரண்டு பக்கமும் பொய்யாக நலம் விசாரித்தாள். நான் வானிலைச் செய்தியைப் பார்த்துப் பார்த்து அலுத்தேன். பனி உருகும், இரவில் மறுபடி உறையும், மறுநாள் இன்னும் விழும். இந்த ஊரில் வசந்தம் வந்து சேர்வதற்குள் எத்தனை தரம் வந்து திரும்பிப் போகிறது!

மே மாதம் நாள் குறித்துச் சொன்னார்கள். குருவானவர், நாங்கள், பங்கிலிருந்து கொஞ்சப் பேர். வெயில் இருந்தது, காற்றில் குளிர் இருந்தது. நாங்கள் போனபோது எல்லாம் தயாராக இருந்தது: வார்ப் பட்டிகளில் பெட்டி, சுற்றிவரப் பச்சைப் பாய், பக்கத்தில் பச்சைப் பாயால் மூடிய ஒரு மேடு. மரங்களுக்குப் பின்னால் இரண்டு பெடியன்களும் ஒரு சின்ன இயந்திரமும் ஒளிந்து நிற்பது எனக்குத் தெரிந்தது; எங்கே பார்ப்பது என்று ஓப்பா எனக்குச் சொல்லியிருந்தாரே. செபம் முடிந்தது. குருவானவர் அதே சின்னப் போத்தலை எடுத்தார்.

அப்பா சுற்றிலும் பார்த்தார். மண்ணைத் தேடினார். நிலம் முழுக்கப் பச்சை. “எங்க மண்?” என்று யாரையும் பார்க்காமல் கேட்டார்.

அப்போதுதான் பாதையில் ஓப்பா வந்துகொண்டிருந்தார். அவர் கார் ஓட்டுவதை விட்டுக் கனகாலம். கறுப்புக் கோட்டு, கறுப்பு டை, தோளில் சாக்குச் சுற்றிய மண்வெட்டி. பியர்பொன்ட்ஸிலிருந்து அதோடு பஸ்ஸிலும் மெட்ரோவிலும் வந்திருக்கிறார். எத்தனை பேர் எழும்பி இடம் கொடுத்தார்களோ, எத்தனை பேர் விலகி ஓடினார்களோ. நேரே மேட்டுக்குப் போனார், குனிந்தார், பச்சைப் பாயின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். அது பாரம். நான் ஓடிப்போய் மற்ற ஓரத்தைப் பிடித்தேன். நீலக் களி வெயிலில் பளபளத்தது.

மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெடியன் ஓடிவந்தான். “மொசியு, குடும்பம் போனபிறகுதான் நாங்கள் –”

“நான்தான் குடும்பம்” என்றார் ஓப்பா. “நீங்களும் வாங்கோ. ஒளிச்சு நிக்காதேங்கோ. பெட்டியை இறக்குங்கோ.”

இறக்கினார்கள். அப்பா இரண்டு கையாலும் களியை அள்ளினார். அது பிடியில் நிற்கவில்லை, விரலிடுக்கால் வழிந்தது. போட்டார். மறுபடி அள்ளினார். “இது அப்பாவுக்கு நீங்கள் போட்டதுக்கு” என்றார். பிறகு பங்கு ஆட்கள் எல்லோரும் போட்டார்கள். அவ்வளவோடு போதும் என்று நான் நினைத்தேன். ஓப்பா கோட்டைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு மண்வெட்டியை அப்பாவிடம் நீட்டினார்.

பெடியன்களும் அப்பாவுமாக மாறி மாறி நிரப்பினார்கள். ஓப்பா களியையும் மேல்மண்ணையும் கலக்கவிடாமல் கையால் காட்டிக்கொண்டு நின்றார். பெட்டி நன்றாக மூடி, குழி இடுப்பளவுக்கு வந்ததும், “இறங்கி மிதி, அன்ரன்” என்றார்.

எங்கள் ஆட்களிடையே ஒரு சத்தம் எழும்பியது. கல்லறைக்கு மேலால் நடக்கவே நாங்கள் சுற்றிப்போகிறவர்கள்.

“அண்ணைக்கு மேல கால் வைக்கச் சொல்லுறியளோ மாமா?”

“ஓம். நீ மிதிக்காட்டி அண்ணை இறங்கிப் போவார். நீயே வைச்சுப்போட்டுப் பேந்து வந்து எங்க எண்டு கேப்பாய்.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் சொன்ன இத்தாலியரின் கதை அவருக்கு ஞாபகம் வந்தது முகத்தில் தெரிந்தது. ஓரத்தில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். சொக்ஸைக் கழற்றி அதற்குள் சுருட்டி வைத்தார். வெறுங்காலோடு இறங்கினார். முதல் அடி வைக்கும்போது, “மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை” என்றார். பிறகு மிதித்தார். ஓப்பா மேலிருந்து, “குதிக்காலால, குதிக்காலால. மூலையை விடாதை” என்றார். பெடியன்கள் மண் போட்டார்கள், அப்பா மிதித்தார். போட்டார்கள், மிதித்தார். குளிர் முழுக்க அந்தக் கதவுக்கு முன்னால் அலைந்த கால்கள், அந்தக் குழியின் நான்கு மூலைக்குள்ளேயே ஏறி இறங்கின. மண் அவரை மெல்ல மெல்ல மேலே கொண்டுவந்தது. நிலத்தோடு சமமானதும் வெளியே வந்தார். ஓப்பா மேலே ஒரு சாண் மேடு விடச் சொன்னார். அது ஒரு வருடத்தில் தானாக இறங்கிச் சமமாகுமாம். எங்கள் ஊர்க் கல்லறை மேடு போலவே இருந்தது.

பாதையோரத்துத் தண்ணீர்க் குழாயை அந்தக் கிழமைதான் திறந்துவிட்டிருந்தார்கள். அப்பா கால் கழுவப் போனார். ஓப்பா குனிந்து குழாயைத் திருகினார். தண்ணீர் பட்டதும் அப்பா துள்ளினார்.

“ஐஸ் மாமா!”

“மே மாசத் தண்ணி அப்பிடித்தான்.”

அப்பா ஒரு காலை மற்றக் காலால் தேய்த்தார். களி இலகுவில் போகவில்லை. அவரது கால்விரல்கள் நீலமாகியிருந்தன. மெதுவாக, தலை நிமிராமல் கேட்டார். “உங்களுக்கும் இப்பிடித்தான் செய்யவேணும், என்ன?”

“ஓம். ஆனா நீ எனக்குச் சப்பாத்தோட மிதி. நான் கோவிக்கமாட்டன்” என்றார் ஓப்பா. பிறகு குழாயை இறுக்கிப் பூட்டிவிட்டு, கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு சொன்னார்: “நான் தையில செத்தால் ஓடித் திரியாதை. மே வரும் மட்டும் பொறுத்திருப்பன்.”